கைரேகை கேட்கும் கவுண்டர்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
14 ஆகஸ்டு 2024

இயேசு மரி சூசை

என் அக்காள் மகளும், கிள்ளான் பட்டணத்திலேயே மிகக் கெட்டியான கேட்டுக்குச் சொந்தக்காரியுமான ஷார்மைன் கண்ணுக்கு,

தாய்மாமன் எழுதிக்கொள்வது. நான் நலம். என் வலது முட்டி மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது. நான் கோயிலுக்குப் புறப்பட்டால் அது கடைத்தெருவுக்குப் புறப்படுகிறது.

போன சனிக்கிழமை உன் வீட்டு வாசலில் நான் நின்றது உனக்குத் தெரியும். திரைச்சீலை அசைந்ததைப் பார்த்தேன். கையில் பீசாங் கோரேங், சூடான வாழைப்பழப் பஜ்ஜிப் பொட்டலம். கொமுட்டர் ரயிலில் அதைப் பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உலகம் உண்டான நாளிலிருந்து எந்தத் தாய்மாமனும் ஒரு கேட்டின் முன் அவ்வளவு நேரம் நின்றதாகத் தகவல் இல்லை. என் நிழல் கூடக் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது. கடைசியில் பக்கத்து வீட்டு வீரம்மாவின் நாய் வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டது. காகிதத்தோடு தின்றது. நன்றி கூடச் சொல்லவில்லை.

வீரம்மாதான் உன்னைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். "வேலைக்குப் போவுது, வருது, வெளக்கு போடுது, அணைக்குது, அங்கிள். பேச்சுதான் இல்ல."

ஏன் போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். கைப்பேசியை நான் விட்டுவிட்டேன். அது காது வழியாகப் புகுந்து மூளையை முட்டை அவிப்பது போல அவித்துவிடுகிறது என்று ஒரு டாக்டர் சொன்னார். டாக்டர் என்றால், ரொட்டி சானாய் போடுகிறவர். ஆனால் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கைப்பேசி இப்போது மேசை இழுப்பறைக்குள் பழைய பேனாக்களோடு படுத்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவுக்கு ஓராண்டு நினைவுப் பூசை. என் மகதலேனா அக்கா நம் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலுக்கு வந்துகொண்டிருந்த வழியில்தானே, அந்த மழையில், ஃபெடரல் ஹைவேயில் உங்கள் கார் வழுக்கி, நின்றிருந்த லோரியின் பின்னால் மோதியது. ஓட்டியவள் நீ. போனவள் அவள். அடக்கம் முடிந்ததிலிருந்து நீ கோயில் படியை மிதிக்கவில்லை.

நீ வரவேண்டும். செய்தி அவ்வளவுதான். மற்றதெல்லாம் மேளம்.

இப்படிக்கு,
மலாயா தீபகற்பத்தின் ஈடு இணையற்ற ரன்னர் (ஓய்வு), கொமுட்டர் ரயில்களின் பாதுகாவலன், வீரம்மா நாயின் அன்னதாதா,
இருதயம் மாமா


கிள்ளான்,
22 ஆகஸ்டு 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திரைக்குப் பின்னால் நின்றது நான்தான். கதவைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன். பிறகு பார்த்தால் நீங்கள் இல்லை.

காலையில் போர்ட் கிள்ளானில் ஆபீசுக்குப் போகிறேன். எந்தக் கன்டெய்னர் எந்தக் கப்பலில் என்று பார்க்கிறேன். அதில் தப்பு வருவதில்லை. மாலையில் வந்து மெகி நூடுல்ஸ் போடுகிறேன். சில நாள் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்துவிடுகிறேன். அம்மாவின் சேலைகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. எடுத்து யாருக்கும் கொடுக்கவில்லை. பார்த்து அழவும் இல்லை.

கடவுள் மேல் கோபமா என்று ஃபாதர் செய்தி அனுப்பிக் கேட்டார். பதில் எழுதவில்லை. கோபம் இல்லை, மாமா. கோபம் இருந்தால் அவரோடு சண்டையாவது போட்டிருப்பேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நம் உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதடோ போல இருக்குமே, அப்படி இருக்கிறது. செபம் சொல்லிப் பார்த்தேன். வாய் சொல்கிறது. எதிரே ஆள் இருப்பதாகத் தெரியவில்லை.

பூசைக்கு நான் வந்து என்ன ஆகப்போகிறது? அம்மாவைக் கடவுளின் வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். கொண்டுவந்து சேர்க்கவில்லை. எந்த முகத்தோடு அங்கே போய் உட்காருவது? எனக்கும் சேர்த்து நீங்களே வேண்டிக்கொள்ளுங்கள்.

முட்டிக்கு எண்ணெய் போடுங்கள்.

ஷார்மைன்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
30 ஆகஸ்டு 2024

இயேசு மரி சூசை

என் கடைசி வாடிக்கையாளருக்கு,

"எனக்கும் சேர்த்து நீங்களே" என்று எழுதிவிட்டாய். முடிந்தது. ஓய்வு பெற்ற சிங்கத்தின் வாலை மிதித்துவிட்டாய்.

ரன்னர் என்ற பெயரில் உன் மாமன் என்ன தொழில் பார்த்தான் என்பதை மறந்துவிடாதே. லைசன்ஸ் செத்துப்போனவன், பாஸ்போர்ட்டை ஆற்றில் விட்டவன், பிறந்த தேதியே இல்லாமல் பிறந்தவன், எல்லாரும் கவுண்டருக்குப் போகப் பயந்து என்னைத் தேடி வருவார்கள். அரசாங்க ஆபீஸ் வாசலில் ஆலமரம் மாதிரி நிற்பேன். சட்டைப் பையில் பேனாக்கள், கக்கத்தில் ஃபைல்கள். "ஆபீசரைப் பாத்தா எனக்கு வாய் வராது, அண்ணே, நீங்களே போயி பேசிருங்க" என்பார்கள். உள்ளே போவேன். ஒரு சிரிப்பு சிரிப்பேன். முத்திரையோடு வெளியே வருவேன். என் சிரிப்பைப் பார்த்து மின்விசிறி வேகமாகச் சுற்றிய ஆபீஸ்கள் உண்டு.

மேலே மட்டும் எனக்கு ஆள் பஞ்சமா? அந்தோணியாரிடம் சொன்னால் தொலைந்ததைத் தேடிக் கொடுப்பார். அது வெறும் சாவிக்கொத்தாக இருக்கவேண்டும் என்பதில்லை. சூசையப்பர் வாய் திறக்காமல் வேலையை முடிப்பவர், எனக்கு நேர் எதிர். மாதாவிடம் சொன்னாலோ விண்ணப்பம் வரவேற்பறைக்கே போகாது, சமையலறை வழியாக நேரே மகன் கைக்குப் போய்விடும்.

ஆகவே நேற்றே வேலையைத் தொடங்கிவிட்டேன். மாதாமாதம் அக்கா ஆன்மாவுக்காகப் பூசையில் வேண்டச் சொல்லிக் கருத்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறேன் இல்லையா? இந்த மாதம் அதே சீட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரையும் எழுதி, உபதேசியார் சவரிமுத்து கையில் கொடுத்துவிட்டேன். தாய்க்கும் மகளுக்கும் ஒரே பூசை. சர்வேசுரன் உன்னை மறக்க வழியில்லை.

நாலாவது வரிசையில், தூணோரம், அக்காவின் இடத்தில் இப்போதும் கைக்குட்டை போட்டு வைக்கிறேன். யாராவது உட்கார வந்தால் "ஆள் வராங்க" என்கிறேன். அது நீதான்.

விண்ணுலகக் கவுண்டர்களில் அங்கீகரிக்கப்பட்ட ஒரே பிரதிநிதி,
இருதயம் மாமா


கிள்ளான்,
11 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ரெஜினா ஆன்டியும் கோயிலிலிருந்து இன்னும் இரண்டு ஆன்டிகளும் வந்தார்கள். மூவரும் வெள்ளைச் சேலை. கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தியும் ஒரு பிஸ்கட் டின்னும். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, சொல்ல வந்திருக்கிறார்கள் என்று கதவைத் திறந்தேன்.

என்னைப் பார்த்ததும் ரெஜினா ஆன்டி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"யேசுவே. நீ உசுரோட இருக்கியா?"

"ஆமா, ஆன்டி."

அன்று காலை பூசையில் உபதேசியார் இறந்தவர்கள் பெயரை வாசித்தபோது மகதலேனா, ஷார்மைன் என்று சேர்த்து வாசித்தாராம். கோயிலில் சலசலப்பு வந்ததாம். ஆஸ்பத்திரியிலா வீட்டிலா, எப்போது அடக்கம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்களாம். நீங்கள் அன்று முட்டி வலி என்று வரவில்லையாம். உங்களைக் கூப்பிட்டால் கைப்பேசி அணைந்திருந்ததாம். அதனால் உண்மைதான் என்று முடிவு செய்து, ரயில் ஏறி வந்துவிட்டார்கள்.

உட்காரச் சொல்லி மைலோ கலந்து கொடுத்தேன். அவர்கள் கொண்டுவந்த பிஸ்கட்டையே தட்டில் வைத்தேன். எனக்காகக் கொண்டுவந்ததை என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு ஆன்டி வரும் வழியெல்லாம் எனக்காக செபமாலை சொன்னதாகச் சொன்னார். அந்தச் செபமாலையை என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் ரெஜினா ஆன்டி. மூவரும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக என் முகத்தைப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறே திருத்தி அறிவிக்கச் சொல்கிறோம் என்றார்கள். அவசரமில்லை என்றேன்.

அவர்கள் போன பிறகு தட்டைக் கழுவி வைத்தேன். என் பெயரை அந்த வரிசையில் ஒருவர் உரக்க வாசித்ததை நினைத்துப் பார்த்தேன். பயமோ சிரிப்போ வரவில்லை. பெரிய தப்பாகவும் தெரியவில்லை.

ஷார்மைன்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
15 செப்டம்பர் 2024

இயேசு மரி சூசை

உயிரோடு இருக்கும் என் மருமகளுக்கு,

சவரிமுத்துவைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அந்த மனிதர் நோவாவின் கப்பலிலேயே ஆடுமாடுகளின் பெயரை வாசித்தவர். கண்ணாடியை மாற்றச் சொல்லி ஊரே கெஞ்சுகிறது. "நீங்க எப்பவும் செத்தவங்களுக்குத்தானே சீட்டு குடுப்பீங்க, அண்ணே" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். நியாயம்தான். நான் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தேன், அவர் பழக்கத்தில் இறந்தவர் பெட்டியில் போட்டுவிட்டார். பூமியில் ஒரு முத்திரையைக்கூடத் தவறவிடாத ரன்னர், மேலுலகத்துக்கு அனுப்பிய முதல் விண்ணப்பத்திலேயே வாடிக்கையாளரைக் கொன்றுவிட்டேன்.

இதை இன்னும் மூன்று பக்கம் நீட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ அவர்களிடம் "அவசரமில்லை" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு என் தே தாரேக் டீ ஆறிப் போய்விட்டது. ஆடை கட்டியதை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். என் தொழில் எப்படி முடிந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அரசாங்கம் என் புகழைத் தாங்க முடியாமல் ஓய்வு கொடுத்தது என்பேன். நடந்தது வேறு. கவுண்டரில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள். அதில் கட்டைவிரலை வைக்க வேண்டும். ஆள் நேரே வரவேண்டும். என் சிரிப்பை அந்தப் பெட்டியில் வைத்தால் அது வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கப்புறமும் கொஞ்ச நாள் போனேன். பயந்தவர்களோடு வரிசையில் பக்கத்தில் நிற்பேன், அவ்வளவுதான். "நீங்க எதுக்கு அங்கிள், விரலு என்னோடதுதானே?" என்று ஒருத்தன் கேட்டான். ஆனால் போகச் சொல்லவில்லை.

ஞானோபதேச வகுப்பில் நமக்கும் சர்வேசுரனுக்கும் நடுவே ஒரே மத்தியஸ்தர் இயேசு என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவரும் என்னைப் போல ஒரு ரன்னர் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டேன். இல்லை, கண்ணு. எந்த ரன்னரும் அடுத்தவனுடைய சம்மனைத் தன் ஐசியில், தன் அடையாள அட்டையின் பேரில், எழுதச் சொல்ல மாட்டான். நானே சொல்ல மாட்டேன். அவர் சொன்னார். அதனால் அந்தக் கவுண்டரில் உன் பெயரில் இப்போது வழக்கு எதுவும் இல்லை. ஆனால் விரலை நீதான் வைக்கவேண்டும். அதை நானும் வைக்க முடியாது, அந்தோணியாரும் வைக்க முடியாது.

தூணோரம் வேண்டாம், கடைசி வரிசையில் உட்கார். ஒன்றும் தோன்றாவிட்டால் ஒன்றும் தோன்றாமலே உட்கார். பாட வேண்டாம். நாக்கில் அப்பம் வைத்து நன்மை வாங்கவும் வேண்டாம். நன்மை வாங்க முடியாதவர்கள் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு அதே வரிசையில் போகலாம், ஃபாதர் தலையில் கை வைத்து ஆசீர் மட்டும் கொடுத்து அனுப்புவார். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதற்கு நான் உத்தரவாதம்.

ஆறாம் தேதி. எட்டரைப் பூசை. ரயிலில் வா.

இருதயம் மாமா
(பட்டங்கள் இன்று சலவைக்குப் போயிருக்கின்றன)


கிள்ளான்,
8 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

பூசை முடிந்ததும் உங்களிடம் பேசாமல் வந்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே நீங்கள் என்னைத் தேடியதை எதிர்ப்பக்கத்து நிழற்குடையிலிருந்து பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை.

நீங்கள் சொன்னபடி கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உபதேசியார் அம்மாவின் பெயரை வாசித்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, சீட்டை இன்னொரு தடவை பார்த்தார். என் பெயர் இல்லை. சமாதானம் சொல்லும் நேரத்தில் நீங்கள் நாலாவது வரிசையிலிருந்து முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்துக் கை கூப்பினீர்கள். நானும் கூப்பினேன் என்று நினைக்கிறேன்.

பிறகு வரிசை. நான் கைகளைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு போனேன். ஃபாதர் கை வைத்தார். கை சூடாக இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. திரும்பும்போது பக்கத்து வரிசையில் உங்களைப் பார்த்தேன். உங்கள் கைகளும் குறுக்காக இருந்தன. எனக்குத் துணையாகச் செய்கிறீர்கள் என்று நினைத்தேன்.

வாசலில் ரெஜினா ஆன்டி பிடித்துக்கொண்டார். நீங்கள் எனக்காகவா கைகளைக் கட்டினீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"உங்க மாமா ஒரு வருசமா இப்படித்தாம்மா வராரு. அம்மா அடக்கத்துலேர்ந்து. நாங்க கேட்டா, ஃபாதர் கைய வச்சா முட்டி வலி போவுதுன்னு சொல்றாரு."

ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நன்மை வாங்காமல் ஒரு ஞாயிறும் வீடு திரும்பாதவர் நீங்கள். சுபாங் ஜெயாவைத் தாண்டும்போது உங்கள் கைப்பேசி ஞாபகம் வந்தது. நீங்கள் கடைசியாக யாரைக் கூப்பிட்டீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். எங்களைத்தான். அன்று காலை, காரில்.

அம்மா கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். உங்கள் குரல் எனக்கும் கேட்டது. "அக்கா, எங்க இருக்க? ரோம்லேர்ந்து ஒரு கர்தினால் வந்து உன் சீட்ல உக்காந்துட்டாரு. எழுப்ப முடியல. பறந்து வா, லா."

மாமா, பறந்து வா என்று சொன்னதைத்தான் ஒரு வருடமாக வைத்துக்கொண்டு இருக்கிறீர்களா?

நீங்கள் போனை வைத்த பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "கர்தினாலாம். இவன் வாயில என்னைக்கு நெசம் வந்துச்சு? நீ மெதுவா போ, மழ பெருசா வருது" என்றார். மெதுவாகத்தான் போனேன். வளைவில் தண்ணீர் தேங்கியிருந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி கேட்கவில்லை.

அம்மா உங்களை நம்பவில்லை. உங்களை யாரும் என்றைக்கும் நம்பியதில்லை.

இதை எழுதிவிட்டால் அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வரவில்லை. பரவாயில்லை.

இன்னொன்றும் கேட்கவேண்டும். ஓட்டியவள் நீ, போனவள் அவள் என்று முதல் கடிதத்தில் எழுதினீர்கள். அதற்கு அடுத்த வரியை நீங்கள் எழுதவே இல்லை. எல்லாக் கடிதத்திலும் தேடினேன். கடவுளிடம் எனக்கு வழக்கில்லை என்று எழுதினீர்கள். உங்களிடம் உண்டா, இல்லையா?

கோயில் பலகையில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேட்பார் என்று பார்த்தேன். பத்தொன்பதாம் தேதி வருகிறேன். என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. நீங்களும் வாருங்கள். நீங்கள் அவரிடம் என்ன சொல்வீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். அதற்கும் ஆள் நேரே வரவேண்டும். நான் முன்னால் வந்து நிற்கிறேன். உங்கள் முட்டிக்காக இடம் பிடித்து வைக்கிறேன். என்னிடம் அம்மாவின் கைக்குட்டை இருக்கிறது.

ஷார்மைன்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
14 அக்டோபர் 2024

இயேசு மரி சூசை

ஷார்மைனுக்கு,

கடிதம் கிடைத்தது.

உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மழை பெய்தது. இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

மெதுவாகப் போ என்று அக்கா சொன்னாளா? சொல்லியிருப்பாள். சிரித்தாள் என்று எழுதியிருக்கிறாய். அதை நேரில் இன்னொரு தரம் சொல்.

சனிக்கிழமை வருகிறேன். முட்டி வலிப்பது மட்டும் பொய்யில்லை, இடம் பிடித்து வை.

கைப்பேசியைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். கிள்ளானில் ரயில் ஏறியதும் கூப்பிடு.

மாமா